வீட்டுச் சர்வர்: உரிமம் தருவதும் தராததும்

ரிச்சர்டு ஸ்டால்மன் 1983 செப்டம்பரில் குனு திட்டத்தை அறிவித்தபோது, மென்பொருளைப் பயன்படுத்துபவரின் கையில் அதன் ஒரு படி இருக்கும் என்பது சொல்லாமலே விளங்கிய செய்தியாக இருந்தது. நிரலை இயக்கவும், அது செயல்படும் விதத்தைப் படித்தறியவும், திருத்தவும், பிறருடன் பகிரவும் பயனருக்கு உள்ள உரிமைகளை 1989இல் வெளிவந்த குனு பொது உரிமம் சட்ட மொழியில் வகுத்தது. ஆனால் மூலநிரலைக் கேட்டுப் பெறும் உரிமை, நிரலின் படி ஒருவர் கைக்கு வந்த பிறகே பிறப்பதாக அந்த உரிமம் அமைந்திருந்தது. இணையம் பரவி, அஞ்சலும் ஒளிப்படமும் ஆவணமும் நிறுவனங்களின் சர்வர்களில், அதாவது பிற கணினிகள் கேட்பதை எடுத்து வழங்குவதற்கென்றே ஓயாமல் ஓடும் கணினிகளில், குடியேறியபின் படி பயனரின் கைக்கு வருவதே நின்றுபோயிற்று. கட்டற்ற மென்பொருளை எடுத்துத் தன் தேவைக்கேற்பத் திருத்தித் தன் சர்வரிலேயே ஓட்டும் நிறுவனம், அதை எவருக்கும் விநியோகிக்கவில்லை என்ற காரணத்தால், திருத்திய மூலநிரலை வெளியிடக் கடமைப்படவில்லை. இந்த ஓட்டையை அடைக்கவே 2007 நவம்பரில் அஃபெரோ பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பு வந்தது. திருத்தப்பட்ட நிரலுடன் வலையமைப்பின் வழியே தொடர்புகொள்பவருக்கும் அதன் மூலநிரலைத் தர வேண்டும் என்று அது விதித்தது.

உரிமத்தால் செய்யக்கூடியது அவ்வளவே. மூலநிரல் கிடைத்தாலும் அதில் ஏற்றிய தரவு வேறொருவரின் வட்டில்தான் இருக்கிறது. அவர் சேவையை மூடினாலோ விலையை உயர்த்தினாலோ மூலநிரலை வைத்துக்கொண்டு பயனர் செய்வதற்கு ஒன்றுமில்லை. 2013 ஜூலை 1ஆம் நாள் கூகுள் ரீடர் மூடப்பட்டபோது, பல ஆண்டுகளாகச் செய்தியோடைகளைச் சேர்த்து வாசித்து வந்தவர்கள் இதை உணர்ந்தனர். 2015இல் தொடங்கிய கூகுள் போட்டோஸ், சற்றே சுருக்கப்பட்ட படங்களுக்கு வரம்பற்ற இடத்தை இலவசமாகத் தந்து, 2021 ஜூன் 1 முதல் புதிய படங்களை 15 ஜி.பி. கணக்கில் சேர்க்கத் தொடங்கியபோது, அதுவரை மென்பொருள் அரசியலில் அக்கறையே இல்லாத குடும்பங்களும் கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று. நிரலையும் தரவையும் ஒருசேர வீட்டுக்குக் கொண்டுவந்து, சொந்தக் கணினியில் தானே நிறுவி நடத்தும் ஏற்பாடே ஹோம்லேப் எனப்படுவது. கட்டற்ற உரிமம் காகிதத்தில் தந்த உரிமையை உண்மையில் கைக்கொள்ளும் வழி அது என்பதில் ஐயமில்லை. ஆயினும் நிறுவுவதோடு தரவு ஒருவருக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. வட்டு எரிந்த மறுநாள் அதை மீட்டெடுக்கக்கூடியவர் யாரோ அவருக்கே அது சொந்தம். இந்த இரண்டாம் செய்தி இத்துறையில் போதிய அழுத்தம் பெறுவதில்லை.

வீட்டுச் சர்வரை எளிதாக்கிய மாறுதல்கள் சில அடுத்தடுத்து வந்தன. அலுவலகங்கள் மூன்று நான்கு ஆண்டுகளில் கழித்துவிடும் டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி போன்ற கையடக்கக் கணினிகள் பழைய பொருள் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. பெரிய வேலை ஏதுமற்ற வேளையில் அவை 10 முதல் 15 வாட் அளவில் ஓடக்கூடியவை. 15 வாட் என்பது நாளொன்றுக்கு 0.36 யூனிட், இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடும் தமிழ்நாட்டு மின்பட்டியலில் ஏறத்தாழ 22 யூனிட். தரவு மையத்திலிருந்து கழிக்கப்பட்ட பழைய ரேக் சர்வர் 150 வாட் இழுத்தால் அதே காலத்தில் 216 யூனிட் ஆகிறது. வீடுகளுக்குரிய இலவச யூனிட் கணக்கையே அது ஒற்றையாளாய் விழுங்கிவிடும், விசிறியின் இரைச்சல் தனி. மலிவாகக் கிடைக்கிறது என்று ரேக் சர்வரை வாங்குவது தொடக்கநிலையினரின் ஆர்வக்கோளாறு என்றே சொல்ல வேண்டும்.

மென்பொருள் பக்கத்தில் 2013இல் வெளிவந்த டாக்கர் பெரும் மாற்றத்தைக் கொண்டுவந்தது. ஒரு நிரலையும் அதற்குத் தேவையான துணை நிரல்கள் அனைத்தையும் ஒரே பொதியாகக் கட்டி, இயங்குதளத்தின் மற்றப் பகுதிகளோடு கலவாமல் தனித்து ஓடச் செய்யும் கன்டெய்னர் முறையை அது எளிமையாக்கியது. முன்பு ஒரு முழுநாளைத் தின்ற நிறுவல், இன்று இருபது முப்பது வரிகள் கொண்ட ஓர் உரைக்கோப்பில் அடங்குகிறது. உலாவிக்கும் சர்வருக்கும் இடையிலான பேச்சை மறையாக்குவதற்கான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 2015 டிசம்பர் முதல் எவருக்கும் இலவசமாகவும் தானியங்கியாகவும் வழங்கிவருகிறது. இவற்றின் அடியில் ஓடுவது பெரும்பாலும் டெபியன் லினக்ஸ், அல்லது ஒரே கணினியைப் பல மெய்நிகர் கணினிகளாகப் பிரித்துத் தரும், வியன்னாவிலிருந்து வரும் பிராக்ஸ்மாக்ஸ். இதே வேலைக்கான மென்பொருளைத் தந்துவந்து பிராட்காம் கைக்குப் போன வி.எம்.வேர் 2024 தொடக்கத்தில் தன் இலவசப் பதிப்பை நிறுத்தியபோது ஹோம்லேப் நடத்துபவர்கள் பலர் பிராக்ஸ்மாக்ஸுக்கு மாறினர். அடுத்த ஆண்டு இலவசப் பதிப்பு திரும்பவும் வந்தது, போனவர்களைத் திருப்பி அழைக்க அது போதுமா என்பது வேறு கேள்வி.

எந்தச் சேவையை முதலில் வீட்டுக்குக் கொண்டுவருவது என்பதில் ஒளிப்படமே பெரும்பாலோரின் விடையாக இருப்பதால், அதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். இம்மிச் என்ற மென்பொருளை அலெக்ஸ் டிரான் 2022இல் தொடங்கினார். கைப்பேசியில் எடுக்கும் படம் தானாகவே வீட்டுச் சர்வருக்கு ஏறி, நாள்வாரியாக அடுக்கப்பட்டு, முகங்கள் இனங்காணப்பட்டு, தேடினால் கிடைக்கும் வகையில் அது அமைந்துள்ளது. 2024இல் அதன் உரிமம் அஃபெரோ பொது உரிமத்துக்கு மாறியது. 2025 அக்டோபரில் இரண்டாம் பதிப்பு நிலையானதாக அறிவிக்கப்படும்வரை, படங்களுக்கான ஒரே சேமிப்பிடமாக இதை நம்பியிருக்க வேண்டாம் என்ற எச்சரிக்கையை அதன் ஆக்குநர்களே முகப்பில் போட்டுவைத்திருந்தனர்; அத்தகைய நேர்மை வணிக மென்பொருளில் அரிது.

கூகுளிலிருந்து படங்களைப் பெயர்ப்பதற்கு டேக்அவுட் என்ற வசதி 2011 முதல் இருக்கிறது. கோரிக்கை வைத்தால் படங்கள் யாவும் பல ஜிப் கோப்புகளாகக் கட்டப்பட்டு வரும். அவற்றைப் பிரித்து அப்படியே கோப்புறையில் கொட்டுபவர், சில படங்கள் தவறான தேதியில் போய் அமர்வதைக் காண்பார். கேமரா எழுதிய தேதி படத்துக்குள்ளேயே இருக்கும்; ஆனால் பயனர் பிற்பாடு கூகுளில் திருத்திய தேதியும் இடமும் எழுதிய குறிப்பும் படத்தின் உள்ளே எழுதப்படாமல், பக்கத்தில் ஜேசன் வடிவிலான ஒரு சிறு உரைக்கோப்பில் வருகின்றன. பழைய அச்சுப்படத்தை ஸ்கேன் செய்து, தாத்தாவின் திருமணம் 1958 என்று கையால் தேதியிட்ட உழைப்பெல்லாம் அந்தச் சிறு கோப்பில்தான் உள்ளது. நீண்ட பெயருள்ள படங்களில் உரைக்கோப்பின் பெயர் பாதியில் வெட்டுண்டு வருவதால் எந்தக் கோப்பு எந்தப் படத்துக்கு என்பது கைவேலையில் விளங்காது. இரண்டையும் பொருத்தி ஏற்றுவதற்கென்றே இம்மிச்-கோ என்ற தனிக் கருவி எழுதப்பட்டிருக்கிறது.

ஏற்றிய பின் இம்மிச்சின் உள்ளமைப்பைத் தெரிந்துகொள்வது அவசியம். படங்கள் வட்டில் கோப்புகளாக இருக்கின்றன; எந்தப் படம் எந்த ஆல்பத்தில் உள்ளது, எந்த முகத்துக்கு என்ன பெயர், எது யாருடன் பகிரப்பட்டது என்பவையோ போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் இருக்கின்றன. நாள்தோறும் அதிகாலை இரண்டு மணிக்குத் தரவுத்தளத்தின் நகலொன்றை எடுத்துப் படங்கள் உள்ள அதே இடத்தில் வைத்து, கடைசிப் பதினான்கு நகல்களைப் பேணுவது அதன் இயல்பான அமைப்பு. காப்புநகல் தானாகவே நடக்கிறது என்று இதைக் கண்டு நிம்மதி அடைபவர்கள் இரண்டு செய்திகளைக் கவனிப்பதில்லை: அந்த நகலில் படங்கள் இல்லை, அது இருப்பதும் அதே வட்டில்தான்.

ஆவணங்களுக்குப் பேப்பர்லெஸ் என்ற மென்பொருள் இதே பணியைச் செய்கிறது. ஸ்கேன் செய்த தாளிலுள்ள எழுத்துகளை அடையாளங்கண்டு தேடத்தக்க உரையாக்கும் வேலையை அது டெசராக்ட் என்ற நிரலிடம் ஒப்படைக்கிறது, எச்.பி. நிறுவன ஆய்வகத்தில் பிறந்து 2005இல் திறமூலமாக வெளியிடப்பட்ட டெசராக்டுக்குத் தமிழ் தெரியும். இயல்பான அமைப்பில் தமிழ் சேர்ந்து வராது என்பதால், மொழிகளின் பட்டியலில் அதையும் சேர்த்துவிட வேண்டும். அதைச் செய்யாதவரின் பட்டாவும் பத்திரமும் ஆங்கில எழுத்துகளின் அர்த்தமற்ற கோவையாகப் பதிவாகி, பிற்பாடு எதைத் தேடினாலும் அகப்படாது.

வீட்டுக்குள் ஓடும் சர்வரை வெளியிலிருந்து எட்டுவது அடுத்த சிக்கல். இணையத்தில் கணினிகளை அடையாளங்காட்டும் ஐ.பி.வி.4 முகவரிகளின் உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோனது. அதன்பின் வளர்ந்த இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தரும் முறையைக் கையாள்கின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயில் எண்ணை மட்டும் எழுதி அஞ்சலட்டை போட்டால் எந்த வீட்டுக்கு என்பது தெரியாததுபோல், இத்தகைய இணைப்பில் வெளியிலிருந்து வரும் அழைப்புக்கு வீட்டை எட்ட வழியில்லை. ரவுட்டரில் போர்ட் எனப்படும் வாயில்களை எத்தனை திறந்துவைத்தாலும் பயனில்லை. ரவுட்டர் காட்டும் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் காரணம் இதுவே என்று அறியலாம். அந்த வரிசை 2012இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது.

இதற்கு இன்று கிடைக்கும் தீர்வுகளில் ஒவ்வொன்றும் ஏதேனும் ஒன்றை விலையாகக் கேட்கிறது. ஜேசன் டோனன்ஃபெல்டு எழுதி, 2020 மார்ச்சில் லினக்ஸ் கருவின் 5.6ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்ட வயர்கார்டு, இரு கணினிகளுக்கிடையே மறையாக்கப்பட்ட தனிப்பாதையை அமைக்கிறது; சில ஆயிரம் வரிகளே கொண்டதாகையால் ஒருவர் முழுவதையும் படித்துச் சரிபார்க்கத்தக்கது. ஆனால் பாதையின் ஒரு முனையிலாவது பொது முகவரி வேண்டும். வயர்கார்டின் மேல் கட்டப்பட்ட டெயில்ஸ்கேல், முகவரி இல்லாத இரு முனைகளையும் சந்திக்க வைக்கிறது. அதன் ஒருங்கிணைப்புச் சர்வர் டெயில்ஸ்கேல் நிறுவனத்தினுடையது, மூடிய மூலநிரல் கொண்டது. அதற்கு மாற்றாக ஹெட்ஸ்கேல் என்ற திறமூலச் சர்வர் உண்டு. அதை நடத்தவும் பொது முகவரி உள்ள ஓர் இடம் தேவை. கிளவுட்ஃபிளேர் நிறுவனம் தன் சர்வர்களின் வழியே அமைத்துத் தரும் சுரங்கப்பாதை எல்லாவற்றிலும் எளியது. ஆனால் வலைப்பக்கங்களுக்கு அதைப் பயன்படுத்துகையில் மறையாக்கம் அந்நிறுவனத்தின் சர்வரில் அவிழ்ந்து மீண்டும் கட்டப்படுகிறது. தனியுரிமைக்காக வீட்டுச் சர்வர் வைத்தவர் தன் குடும்பப் படங்களை அவ்வழியே அனுப்புவது முரண் என்பதைச் சுட்டினால் பலர் வருந்துவார்கள். இருந்தும் அது முரண்தான்.

மின்னஞ்சல் சர்வரை வீட்டில் நடத்துவது பரிந்துரைக்கத்தக்கதன்று. நிரல்கள் உண்டு, கையேடுகளும் உண்டு. ஆனால் வீட்டு இணைப்புகளிலிருந்து வரும் அஞ்சலைப் பெரிய நிறுவனங்கள் குப்பையாகவே கருதுகின்றன, பல இணைய நிறுவனங்கள் அதற்கான 25ஆம் வாயிலையே அடைத்துவைத்துள்ளன.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, வீட்டுச் சர்வர் யார் கண்ணிலும் படாத அற்பப் பொருள் என்ற எண்ணத்தை அண்மை நிகழ்வுகள் பொய்யாக்கியுள்ளன. கடவுச்சொற்களைக் காத்துத் தரும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து 2022இல் வாடிக்கையாளர்களின் பெட்டக நகல்கள் களவாடப்பட்டன. அந்தக் களவு நிறுவனத்தின் பொறியாளர் ஒருவருடைய வீட்டுக் கணினியின் வழியாக நடந்தது என்றும், அக்கணினியிலிருந்த ஊடக மென்பொருளின் ஓட்டையைப் பயன்படுத்தி விசையழுத்தங்களைப் பதிவுசெய்யும் தீநிரல் புகுத்தப்பட்டது என்றும் நிறுவனமே பின்னர் தெரிவித்தது. அந்த மென்பொருள் திறமூலமல்லாத பிளெக்ஸ். ஓட்டைக்கான திருத்தம் 2020 மே மாதமே வெளியாகியிருந்தது. திருத்தம் வந்து இரண்டு ஆண்டுகளாகியும் ஒருவர் புதுப்பிக்காமல் விட்ட திரைப்படச் சர்வர், உலகெங்குமுள்ள வாடிக்கையாளர்களின் பெட்டகம்வரை வழி திறந்துவிட்டது. 2021 ஜூன் மாதத்தில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் என்ற வீட்டுச் சேமிப்புக் கருவிகள் பல ஒரே நேரத்தில் தாமாகவே வெறுமையாயின; 2015 முதல் திருத்தங்கள் நிறுத்தப்பட்ட கருவி அது. தொழிற்சாலை நிலைக்குத் திருப்பும் கட்டளைக்குக் கடவுச்சொல் கேட்டிருக்க வேண்டிய வரிகள் அதன் நிரலில் செயலற்றவையாக விடப்பட்டிருந்தன.

இவ்விரண்டும் பழமையின் கேடு. புதுமையின் கேட்டுக்கு 2024 மார்ச் 29 சான்று. ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்டு என்ற பொறியாளர், எஸ்.எஸ்.எச். வழியாகத் தொலைக் கணினியில் நுழைவதற்கு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, காரணம் தேடிப்போய், எக்ஸ்.இசட். என்ற சுருக்க நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக்கதவு ஒன்று பதிக்கப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். ஓய்வுநேரத்தில் தனியொருவராக அந்நிரலைப் பேணிவந்தவரின் நம்பிக்கையை ஈராண்டுக்கும் மேலாகப் பொறுமையுடன் ஈட்டிய ஒருவரே அதைச் செய்திருந்தார். டெபியனின் நிலையான பதிப்பில் இருந்தவர்களை அது எட்டவில்லை. முன்னோட்டப் பதிப்புகளில் இருந்தவர்களை எட்டியது. எனவே அன்றாடம் புதியதைத் துரத்தாமல், பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தவறாது ஏற்பதே வீட்டுக்கு உகந்த நெறி. கன்டெய்னர்களில் 'அண்மைப் பதிப்பு' என்று பொதுவாக எழுதாமல் பதிப்பு எண்ணைக் குறித்து, வெளியீட்டுக் குறிப்பைப் படித்த பின் கையால் உயர்த்துவதும் இதனாலேயே வலியுறுத்தப்படுகிறது.

காப்புநகலுக்கு வருமுன் ஒரு பொதுப் பிழையைக் களைய வேண்டும். பல வட்டுகளை இணைத்து ஒன்று பழுதானாலும் தரவு கெடாமல் காக்கும் ரெய்டு என்ற முறையை பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் ஆகியோர் 1988இல் விவரித்தனர்; அது சேவை தடைப்படாதிருக்க உதவும் ஏற்பாடு. தவறுதலாக அழித்த கோப்பு எல்லா வட்டுகளிலிருந்தும் ஒரே கணத்தில் அழியும், இடி இறங்கினால் எல்லா வட்டுகளும் சேர்ந்தே போகும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய இசட்.எஃப்.எஸ். கோப்பமைப்பு தரவின் ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்புத்தொகை எழுதிவைத்து, சத்தமின்றி நேரும் சிதைவையும் கண்டுபிடிக்கிறது. அதுவும் வேறிடத்தில் இருக்கும் நகலுக்கு ஈடாகாது. மூன்று படிகள், இரு வகை ஊடகங்கள், ஒன்று வெளியிடத்தில் என்று ஒளிப்படக்கலைஞர் பீட்டர் குரோ பரப்பிய விதியே இன்னும் பழுதின்றி நிற்கிறது. வெளியூரிலுள்ள உறவினர் வீட்டில் ஒரு வட்டை வைத்து, ரெஸ்டிக், போர்க் போன்ற நிரல்களால் மறையாக்கி இரவுதோறும் அனுப்புவது பலரும் கைக்கொள்ளும் வழி.

அனுப்புவதைவிடத் திரும்ப எடுத்துப் பார்ப்பதே கடினமான பழக்கம். 2017 ஜனவரி 31 அன்று மூலநிரல்களைச் சேமித்துப் பேணும் சேவையான கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், அழிக்க வேண்டிய தரவுத்தளக் கோப்புறைக்குப் பதிலாக மூலத் தரவுத்தளத்தின் கோப்புறையையே அழித்துவிட்டபோது, அந்நிறுவனம் வைத்திருந்த ஐந்து வகைக் காப்பு ஏற்பாடுகளில் எதுவும் நம்பியபடி கைகொடுக்கவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன், வேறொரு சோதனைக்காகக் கையால் எடுக்கப்பட்ட ஒரு நகல் தற்செயலாக இருந்ததால் நிறுவனம் தப்பியது. முழுநேரப் பொறியாளர்கள் பணியாற்றிய இடத்திலேயே அந்நிலை என்றால், ஞாயிறு மாலைகளில் பராமரிக்கப்படும் வீட்டுச் சர்வரில் சோதிக்கப்படாத நகலை நகல் என்று எண்ணுவதற்கே இடமில்லை. இம்மிச்சை வைத்திருப்பவர் வேறொரு கணினியில் வெற்று நிறுவல் ஒன்றைச் செய்து, தரவுத்தள நகலையும் படக் கோப்புறையையும் அதில் ஏற்றி, ஆல்பங்களும் முகப்பெயர்களும் திரும்ப வருகின்றனவா என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்த்தாக வேண்டும்.

மென்பொருள் கைமாறிப்போகும் அச்சத்துக்கு மட்டும் உரிமமே மருந்தாகிறது. கோப்புகளைச் சேமித்துப் பகிர உதவும் ஓன்கிளவுடைத் தொடங்கிய ஃபிராங்க் கார்லிட்செக் 2016இல் அதை விட்டு விலகி, அதே நிரலிலிருந்து நெக்ஸ்ட்கிளவுடைக் கிளைபிரித்தார். 2018 டிசம்பரில் ஊடகச் சர்வரான எம்பி தன் மூலநிரலை மூடியபோது அதிலிருந்து கிளைபிரிந்து ஜெல்லிஃபின் பிறந்தது. இரண்டிலும் பயனர்கள் தெருவில் விடப்படவில்லை. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஷ்டைன் மாநிலம் ஏறத்தாழ 30,000 அரசுக் கணினிகளைத் திறமூலத்துக்கு மாற்றும் திட்டத்தில் 2024இல் தேர்ந்தெடுத்தவற்றுள் நெக்ஸ்ட்கிளவுடும் ஒன்று. அடுக்களை அலமாரியின் மேல் ஓடும் அதே நிரல்தான் அது.

கிளைபிரிக்கும் உரிமையால் தீராதது, வீட்டில் சர்வரை அறிந்தவர் ஒருவரே என்ற நிலை. வீட்டின் இணையப் பெயர்த்தேடல் முழுவதையும் ஏற்று விளம்பரங்களை வடிகட்டும் பை-ஹோல் நின்றால் வீட்டில் எவருக்கும் வலைப்பக்கம் திறக்காது, நடத்துபவர் ஊரில் இல்லையெனில் அதைச் சரிசெய்ய ஆளில்லை. அவர் இறந்துபோனால் என்ன ஆகும் என்ற கேள்விக்குக் கூகுள் 2013இலேயே, நெடுநாள் செயலற்ற கணக்கை நியமித்தவரிடம் ஒப்படைக்கும் வசதியால் விடையளித்துவிட்டது. வீட்டில் ஓடும் கடவுச்சொல் பெட்டகமான வால்ட்வார்டனிலும் நம்பிக்கைக்குரியவர் கோரிக்கை வைத்துக் குறித்த நாட்கள் காத்திருந்தபின் திறக்கும் அவசர அணுகல் உண்டு. ஆனால் அந்த நாட்கள் முழுவதும் சர்வர் ஓடிக்கொண்டிருந்தால்தான் அது நடக்கும். ஆகவே முதன்மைக் கடவுச்சொல்லையும், எது எங்கே இருக்கிறது என்ற குறிப்பையும் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைப்பதே நம்பத்தக்க வழி. இம்மிச் இயல்பாகப் படங்களைப் பொருளற்ற எழுத்தெண் வரிசைகளைப் பெயராகக் கொண்ட கோப்புகளாகச் சேமிக்கிறது; ஆண்டு, நாள் என்ற கோப்புறைகளில் பழைய பெயருடனேயே அடுக்கும் சேமிப்பு வார்ப்புரு என்ற அமைப்பு அணைந்த நிலையில் வருவதால், தொடக்கத்திலேயே அதை இயக்கிவிடுவது நல்லது. லினக்ஸ் கோப்பமைப்பிலுள்ள வட்டை விண்டோஸ் மடிக்கணினியில் செருகினால் அது படிக்காது. ஆதலால் மூன்று படிகளில் ஒன்றையாவது எக்ஸ்ஃபேட் வடிவில், மறையாக்கமின்றி, சாதாரண வெளிவட்டில் வைக்க வேண்டும். திருடர் கைக்குப் போனால் அவரும் படங்களைப் பார்ப்பார் என்பது உண்மையே. சர்வரைத் தொட்டறியாத மகளோ மனைவியோ பார்க்க முடியாமற்போவதைவிட அந்த இடர் சிறிது. அந்த வட்டில் ஆல்பங்களும் முகங்களுக்கிட்ட பெயர்களும் இரா, படங்கள் இருக்கும்.